பொருந்தாத மீட்டர்களைப் பொருந்தும் என்று விற்றது குறித்துப் புகார்

அனுப்புநர்:
செவர்லே பிக்கப் வண்டியின் உரிமையாளர்,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: டேஷ்போர்டு மீட்டர் தொகுப்பு – பணத்தைத் திரும்பப் பெறுதல், சேதத்திற்கு ஈடு கோருதல்.

ஐயா,

1947 முதல் 1953 வரை வந்த செவர்லே பிக்கப் வண்டிகளுக்கு அப்படியே பொருந்தும் என்று உங்கள் இணையதளம் சொன்னதை நம்பி மீட்டர் தொகுப்பை வாங்கினேன். டேஷ்போர்டின் வட்டத் துளைகளில் அது உட்கார்ந்தது உண்மை. ஆனால் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை அது சரியாகக் காட்டுவதில்லை.

எங்கள் ஐயா (தாத்தா) 1952இல் வாங்கிய வண்டி இது. பாகங்களை இணைத்துச் செவர்லே வண்டிகளை உருவாக்கிவந்த பம்பாய் ஆலை 1954இல் மூடிய பிறகும், உதிரி பாகங்களைத் தேடித் தேடி அப்பச்சி (அப்பா) இதை ஓட்டத்தில் வைத்திருந்தார். இப்போது 12 வோல்ட்டுக்கு மாற்றி, பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டர் பொருத்தியிருக்கிறோம். பழைய ஆம்ப் மீட்டரில் சார்ஜ் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு வழியாகவே போய்வரும். ஆல்டர்னேட்டர் தரும் அளவுக்கு அது ஏற்றதல்ல. அதனால்தான் வோல்ட் மீட்டர் உள்ள புதிய தொகுப்பு தேவைப்பட்டது.

முதலில் பெட்ரோல் மீட்டர். இந்த வண்டியின் டேங்க் மிதவை பெட்ரோல் அளவை மின்தடையாக மீட்டருக்குத் தெரிவிக்கும்; காலியில் 0 ஓம், நிறைந்தால் 30 ஓம் காட்டும். ஆர்டர் கொடுக்கும் முன்பே இதை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டேன். பொருந்தும் என்று உங்கள் பிரிவு பதில் தந்தது. அது என்னிடம் இருக்கிறது. வந்ததோ, காலிக்கு 240 ஓமும் நிறைவுக்கு 33 ஓமும் எதிர்பார்க்கும் மீட்டர். டேங்கில் ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் முள் நிறைவில்தான் நிற்கும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கான அரிசியும் பாத்திரங்களும் ஏற்றிப் போகையில் தேவகோட்டைச் சாலையில் வண்டி நின்றுபோனது. முள் அப்போதும் நிறைவையே காட்டியது. வயதான ஆச்சிமார் வெயிலில் காத்திருந்தார்கள்.

ஆயில் பிரஷர் மீட்டரைப் பற்றி இன்னும் கவலை. 216 கன அங்குல எஞ்சினில், சாலையில் ஓடும்போது ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14 பவுண்டுதான். அதனால் தொழிற்சாலை 30 பவுண்டு வரையுள்ள மீட்டரை வைத்தது. நீங்கள் தந்திருப்பது 100 பவுண்டு வரையுள்ளது. முள் அடியிலேயே கிடக்கிறது. ஆயில் அழுத்தம் உண்மையிலேயே குறைந்தால் ஓட்டுபவருக்கு எப்படித் தெரியும்? ஆயில் இல்லாமல் கெட்டுப்போனால், இந்த எஞ்சினின் பேரிங்குகளை மறுபடி வார்த்துத் தர ஆள் கிடைப்பதே அரிது.

இவற்றையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாத சேதத்தை, தொகுப்பைப் பொருத்திய உங்கள் பிட்டர் செய்துவிட்டார். பழைய டெம்பரேச்சர் மீட்டர் மின்சாரத்தில் இயங்குவதல்ல. எஞ்சினுக்குள் போகும் பல்பிலும் (விளக்கல்ல, சிறு உலோகக் குமிழ்) மெல்லிய குழாயிலும் சூட்டில் எளிதில் ஆவியாகும் ஈதர் அடைத்திருக்கும். பல்பு துருப்பிடித்துச் சிக்கியிருந்தது. எண்ணெய் ஊற்றி ஊறவிட்டுக் கழற்றுங்கள் என்று நானும் காரைக்குடி மெக்கானிக்கும் சொல்லியும், அவர் குழாயை வெட்டிவிட்டார். நன்றாக இயங்கிய மீட்டர் அது. அழகுக்காக அல்ல, எழுபது ஆண்டுகள் எங்கள் எஞ்சினைக் காத்ததால் அதை மதித்தோம்.

தொகுப்பின் முழு விலையையும் பொருத்தும் கூலியையும் திருப்பித் தர வேண்டும். டெம்பரேச்சர் மீட்டரைப் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, புதிய குழாயும் ஈதரும் இட்டுத் தரும் செலவை நீங்கள் ஏற்க வேண்டும். மிதவையின் ஓம் அளவையும் ஆயில் மீட்டரின் எல்லையையும் விளம்பரத்தில் எழுத வேண்டும். இதே வண்டி வைத்திருக்கும் அடுத்தவரும் நடுவழியில் நிற்கக் கூடாது.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இப்புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தவறினால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன். மின்னஞ்சல், ரசீது, வெட்டுப்பட்ட குழாயின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்