ஞாயிறு பொலாரிட்டான் அமர்வு: வருமுன் செய்ய வேண்டியவை

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி 15, ஞாயிறு மாலை 6 மணிக்கு (இந்திய நேரம்) இணையவழிக் கூடுகை. பொலாரிட்டான் என்பது ஒளியும் பொருளின் கிளர்ச்சியும் கலந்த துகள்; அவை பல ஒரே அலைபோல ஒன்றுசேர்ந்த நிலைதான் கண்டன்சேட். சமநிலையில் இல்லாத அந்தக் கண்டன்சேட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறோம்.

1. காட்மியம் டெல்லுரைடு நுண்குழியில் (ஒளியை இரு ஆடிகளுக்கு நடுவே அடைத்துவைக்கும் அமைப்பு) கண்டன்சேட்டைக் காட்டிய 2006 நேச்சர் கட்டுரையைப் படித்துவிடுங்கள். பொலாரிட்டானின் ஆயுள் சில பிக்கோநொடிதான். லேசர் ஓயாமல் ஊட்டினால்தான் அது நிற்கும். எல்லாக் கணக்கும் இந்த வரவு-செலவில்தான் இருக்கிறது.

2. நிரலில் ஒவ்வொரு நேர அடியும் 0.01 பிக்கோநொடி, கட்டப் புள்ளிகளின் இடைவெளி 0.5 மைக்ரோமீட்டர்.

3. தொடக்க அலைச்சார்பை (கண்டன்சேட்டை விவரிக்கும் சார்பு) பூஜ்யமாக வைக்காதீர்கள். பம்பை (ஊட்டும் லேசரை) எவ்வளவு ஏற்றினாலும் பூஜ்யமாகவே கிடக்கும். நாம் ஓட்டும் சமன்பாட்டில் ஒவ்வொரு உறுப்பும் அலைச்சார்பால் பெருக்கப்படுகிறது, முளைக்க விதையே இல்லை. சிறிது ராண்டம் இரைச்சல் போடுங்கள்.

4. ஃபூரியர் முறையில் (கட்டத்தின் எதிரெதிர் விளிம்புகளை ஒட்டியதாகக் கொள்ளும் கணக்கு முறை) ஓட்டுபவர்கள் விளிம்பில் உறிஞ்சும் பட்டை கட்டாயம் வையுங்கள். இல்லையேல் வலப்பக்கம் வெளியேறும் பொலாரிட்டான் இடப்பக்கமாக நுழைந்து, போலிக் குறுக்கீட்டு வரிகளைக் காட்டும். பார்க்க அழகாக இருக்கும், நம்பிவிடாதீர்கள்.

5. பம்பு: வாசல் மதிப்பின் (கண்டன்சேட் உருவாகத் தொடங்கும் பம்பு அளவு) 0.8, 1.2, 2 மடங்கு. மூன்று அடர்த்தி வரைபடங்களையும் வெள்ளி இரவுக்குள் இங்கே பகிருங்கள்.

வருபவர்கள் “வருகிறேன்” என்று நாளைக்குள் பதில் போடுங்கள். நிரல் ஓடாதவர்கள் பிழைச்செய்தியை அப்படியே படமெடுத்து அனுப்புங்கள்.