ஊர்ப் பள்ளிக்கு மின்தகடு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தில் தாம் படித்த ஊர்ப் பள்ளிகளுக்குச் சூரிய மின்தகடு அமைத்துத் தருவதற்காக, சிங்கப்பூரில் வாழும் முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டி வருகிறார்கள். மனமார வரவேற்க வேண்டிய முயற்சி இது, நானும் கொடுத்திருக்கிறேன். மின் பராமரிப்புத் துறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில், கொடுப்பவர்கள் பலர் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில், திருத்துறைப்பூண்டி அருகேயுள்ள எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். பகல் பதினொரு மணி. கூரைமேல் நாங்கள் வாங்கிக் கொடுத்த தகடுகள் வெயிலில் பளபளத்தன. கீழே வகுப்பறையில் ஒரு மின்விசிறிகூடச் சுழலவில்லை. பிள்ளைகள் நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். “வெயில் இப்படிக் கொளுத்துதே தம்பி, கரண்டு போனா இதுவும் ஏன் நின்னுபோகுது?” என்று தலைமை ஆசிரியை கேட்டார். தகட்டின் மின்சாரத்தை விசிறிக்கும் விளக்குக்கும் ஏற்றபடி மாற்றித் தரும் கருவி இன்வெர்ட்டர். மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைக்கப்பட்ட இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். தகட்டின் மின்சாரம் கம்பிக்குள் பாயாமல் தடுத்து, பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிரைக் காக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அமைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர் இதைப் பள்ளியிடமும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை.

நாங்களும் கேட்கவில்லை. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளின் கூரையில் தகடுகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, தகடு இருந்தால் மின்சாரம் இருக்கும் என்ற எண்ணம் பதிந்துவிட்டது. இங்கே மின்வெட்டு அரிது என்பதால் அந்த எண்ணம் சோதனைக்கு உள்ளாவதே இல்லை. 2021ல் தெங்கே நீர்த்தேக்கத்தில் 60 மெகாவாட் மிதக்கும் சூரிய மின்பண்ணையைத் தொடங்கிய நாடு, 2023ல் ஜூரோங் தீவில் 285 மெகாவாட் மணி அளவுக்கு மின்சாரத்தைச் சேமிக்கும் நிலையத்தையும் திறந்தது. மேகம் மறைத்தால் சட்டென்று குறையும் மின்சாரத்தை ஈடுகட்ட, மின்வெட்டு அரிதான இந்த நகரத்துக்கே சேமிப்பு தேவைப்படுகிறது. அடிக்கடி கரண்டு போகும் கிராமத்துக்கு அது எவ்வளவு தேவை!

ஆகவே மறுபடியும் பணம் சேர்த்து, ஈய அமில பேட்டரிகள் நான்கு வாங்கிக் கொடுத்தோம். இரண்டே ஆண்டுகளில் அவை செத்துப்போயின. மூடியைத் திறந்து பார்த்தபோது டிஸ்டில்டு வாட்டர் வற்றி உள்ளேயிருந்த ஈயத் தகடுகள் வெளியே தெரிந்தன. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. கோடை விடுமுறை முழுவதும் தகரக் கூரை அறைக்குள் பூட்டிக் கிடந்தவை அவை. சூட்டில் பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதையும், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்பதையும் யாரும் யோசிக்கவில்லை. பள்ளியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வாங்கிக் கொடுத்த நாங்கள்தான் அதைக் கவனிப்பது யார் என்று தீர்மானித்திருக்க வேண்டும்.

இனிக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் மின்விசிறிகளை மாற்றுங்கள். பழைய விசிறி ஒன்றுக்கு ஏறக்குறைய 75 வாட் பிடிக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி (BLDC) விசிறிக்கு 30 வாட் அளவே போதும். ஓர் அறைக்கு இரண்டு விசிறி, இரண்டு 20 வாட் எல்இடி விளக்கு என்றால் 100 வாட்தான். ஆறு அறைகளுக்கு நான்கு மணி நேர மின்வெட்டைச் சமாளிக்க 2.4 யூனிட் போதும். பழைய விசிறிகளை அப்படியே விட்டால் அதே நான்கு மணி நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். அந்தக் கூடுதல் செலவு முழுவதும் பேட்டரி விலையில் வந்து விழும். விசிறிகளை மாற்றிய பிறகு, கம்பியில் மின்சாரம் இல்லாதபோதும் இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் 5 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் வைத்தால், கணினிகளுக்கும் மிச்சமிருக்கும். அதன் விலை கூடுதல்தான். ஆனால் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஈய அமில பேட்டரியைவிடப் பல மடங்கு உழைக்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கத்து ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. கான்கிரீட் கட்டடம் என்பதால் மக்கள் தங்கியது பள்ளிகளில்தான். கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றி வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் ‘உயிரோடு இருக்கிறோம்’ என்று சொல்லவும் வழியில்லாமல் என் சித்தி தவித்ததை என்னால் மறக்க முடியவில்லை. பள்ளியில் நல்ல பேட்டரி ஒன்று இருந்திருந்தால் ஊருக்கே உதவியிருக்கும்.

திரட்டும் தொகை முழுவதையும் பொருளிலேயே போட்டுவிடாமல், ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென வைப்புநிதியாக ஒதுக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவரைப் பொறுப்பாக்கி, தகட்டில் படியும் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவவும், விடுமுறையிலும் பேட்டரி அறையைத் திறந்து பார்க்கவும் உள்ளூர் எலக்ட்ரீஷியனுக்கு ஆண்டுக் கூலி பேசிவிட வேண்டும். எங்கள் குழு இம்முறை அப்படித்தான் செய்திருக்கிறது. அதற்காகத் தயாரித்த கணக்கையும் ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும், விரும்பும் முன்னாள் மாணவர் குழுக்களுக்குத் தமிழில் எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உட்லண்ட்ஸ்