எச்சரிக்கை கேட்டவர்கள் எங்கே போவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் டொர்னாடோ எனப்படும் சூறாவளிகள் வீசும்போதெல்லாம் தரையைத் தொட்டுச் சுழலும் மேகத்தின் படமும் பலியானோர் எண்ணிக்கையும் நாளேடுகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால், இறந்தவர்கள் எத்தகைய வீட்டில் இருந்தார்கள் என்ற விவரம் அரிதாகவே வருகிறது. உயிர்ச்சேதத்தின் அளவைக் காற்றின் வேகத்துக்கு இணையாக அந்த விவரமும் தீர்மானிக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

2011 ஏப்ரல் 25 முதல் 28 வரை 350-க்கும் மேற்பட்ட சூறாவளிகள் அடுத்தடுத்து உருவாகி, 300-க்கும் அதிகமானோரைப் பலிகொண்டன. பெரிதும் பாதிக்கப்பட்டது அலபாமா மாநிலம். 27ஆம் தேதி அதிகாலையில் வீசிய புயலே பல ஊர்களில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டதால், பிற்பகலில் பெருஞ்சூறாவளிகள் நெருங்கியபோது தொலைக்காட்சி எச்சரிக்கை பலரைச் சென்றடையவில்லை. எச்சரிக்கை கிடைத்தாலும், பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிட அவகாசமே இருக்கிறது. நிலவறை உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு அது போதும். தொழிற்சாலையில் செய்து இழுத்துவந்து நிறுத்தப்படும் 'மொபைல் ஹோம்' வீடுகளில் வசிப்பவர்களுக்குப் போதாது. அவ்வீடுகள் பெரும்பாலும் அடித்தளமின்றிக் கட்டைகள்மேல் நின்று, இரும்புப் பட்டைகளால் தரையோடு பிணைக்கப்பட்டிருக்கும். அப்பட்டைகள் துருவேறித் தளர்ந்திருந்தால், நடுத்தரச் சூறாவளிகூட வீட்டை ஆட்களோடு உருட்டிவிடும். அந்நாட்டு வீடுகளில் இவை சிறு பங்கே என்றாலும், சூறாவளியின்போது வீட்டுக்குள் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் இவற்றில்தான் இறக்கின்றனர். வசதியிருந்தால் அவர்களில் பலர் அங்கே குடியிருக்க மாட்டார்கள்.

வங்கதேசத்தின் நிலை இன்னும் கொடுமையானது. 1989 ஏப்ரல் 26 அன்று மாணிக்கஞ்ச் மாவட்டத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளைத் தாக்கிய ஒரே சூறாவளியில் சுமார் 1,300 பேர் இறந்தனர்; உலகில் பதிவானவற்றுள் மிகுதியான உயிர்களைப் பறித்தது அதுதான். 1996 மே மாதத்தில் தங்காயில் பகுதியில் மேலும் பல நூறு பேர் மாண்டனர். மண்ணும் மூங்கிலும் கொண்டு எழுப்பிய சுவர்கள் நொடியில் சரிய, கூரையிலிருந்து பிய்ந்த தகரத் தகடுகள் கத்திகளாகப் பறந்து ஆட்களை வெட்டின. கடலோரத்தில் எழுந்த புயல் பாதுகாப்பு மையங்கள் அந்நாட்டில் எத்தனையோ உயிர்களைக் காத்துள்ளன. ஆனால், கடற்புயல் வருவது சில நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. உள்நாட்டு வயல்வெளியில் திடீரென எழும் சூறாவளிக்கு அஞ்சி ஓடுபவர் தொலைவிலுள்ள மையத்தை நம்பியிருக்க முடியாது.

ஆகவே, முன்னறிவிப்புக் கருவிகளுக்குச் செலவிடும் அதே அக்கறையோடு, நடந்தே சில நிமிடங்களில் சேரக்கூடிய உறுதியான புகலிடங்களையும் அரசுகள் கட்டித்தர வேண்டும். மினசோட்டா மாநிலத்தில் புதிதாக அமையும் மொபைல் ஹோம் குடியிருப்புகள் புயல் புகலிடம் அமைத்தாக வேண்டும் எனச் சட்டமே உள்ளது. மறுபுறம், 2013 மே 20 அன்று ஓக்லஹோமாவின் மூர் நகரில், புகலிட அறை இல்லாத ஒரு தொடக்கப்பள்ளியில் ஏழு குழந்தைகள் பலியாயினர். அந்தக் குழந்தைகளை நினைக்கும்போது, செலவைக் காரணம் காட்டும் வாதங்களை என்னால் ஏற்க இயலவில்லை.

அடுத்தமுறை இத்தகைய செய்தியை வெளியிடும்போது, இறந்தவர்கள் எவ்வகை வீட்டில் இருந்தார்கள், எச்சரிக்கை அவர்களை எட்டியதா, அருகில் புகலிடம் இருந்ததா என்ற மூன்று விவரங்களையும் தங்கள் நாளேடு சேர்த்து வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்