எங்கள் லூபஸ் நோயாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நேரத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வழக்கம்போல வைபரில் போகும். திறந்து பார்ப்பார்களோ தெரியாது.

நிர்வாக சபைக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. நம் நோயெதிர்ப்புச் சக்தியே நம் உடலைத் தாக்கும் இந்த நோய்க்கான நாளான மே 10, உலக லூபஸ் தினத்தன்று விளக்கேற்றினோம். வெயில் பட்டால் நோய் கூடும் என்று நல்லூர்த் திருவிழாவுக்கு முன் அறிவித்தல் கொடுத்தோம். அப்படியிருந்தும் தேரன்று குடையில்லாமல் நின்ற சிலரைக் கண்டேன்.

அடுத்தது, நான் தொடங்கிய ஆராய்ச்சி வாசிப்பு வட்டம். “எங்களுக்கு ஏன் ஆராய்ச்சி, குளிசை கிடைத்தால் காணும்” என்றார்கள். அந்தக் குளிசை எங்கிருந்து வந்ததாம்? இரண்டாம் உலகப்போரில் மலேரியா மருந்து எடுத்த சிப்பாய்களுக்குத் தோல் தடிப்பும் மூட்டு நோவும் குறைந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் நாம் விழுங்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின். 1955இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. லூபஸுக்கென அங்கே அடுத்த புது மருந்தாகப் பெலிமுமாப் அனுமதி பெற 2011 ஆயிற்று. இதை வாசித்த அன்று மண்டபத்தில் பாதிக் கதிரை வெறுமை.

ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வை வாசித்த அன்று கூட்டம் பரவாயில்லை. நோயாளியின் ரி கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்களை எடுத்து, ஆய்வுகூடத்தில் மாற்றி, பி கலங்களை அழிக்கும்படி திரும்ப உடலில் ஏற்றுகிறார்கள். நம் உடலையே தாக்கும் பிறபொருளெதிரிகள் பி கலங்களின் வழியாகத்தான் உண்டாகின்றன. 2024இல் வெளியான அறிக்கையில் இருந்த லூபஸ் நோயாளிகள் எட்டுப் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வாசித்து முடிக்கவில்லை, ஒரு அக்கா எழும்பி, “அப்ப ஸ்டீரொயிட்டை விடலாமோ தம்பி?” என்று கேட்டா. திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்து, கிளினிக்கில் கேட்காமல் அரைக் குளிசைகூடக் குறைக்காதீர்கள் என்று இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னோம். வட்டம் இல்லாவிட்டால் அவ இதை யாரிடம் கேட்டிருப்பா?

ஹைட்ரொக்சிகுளோரோகுயினை நெடுங்காலம் எடுப்பவர்கள் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கையால் எழுதி அறிவித்தல் பலகையில் குத்தினேன். மூன்றாம் நாள் அதன் மேல் ரியூசன் விளம்பரம். ஒட்டியவரைத் தெரியும், பெயர் சொல்லவில்லை. இந்த நோயாளரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், ஆண் செயலாளருக்கு என்ன விளங்கும் என்றும் ஒரு கதை அடிபடுகிறது. மிச்ச ஒன்றில் நான் இருக்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் அருகருகே நிற்கின்றன. பிரதி எடுத்த செலவில் ஒரு பகுதி என் கைக்காசு, அதைக் கேட்கப்போவதில்லை. சந்தா பல மாதமாக நிலுவையில் உள்ளவர்களின் பட்டியல் என்னிடம் உண்டு. மருந்துத் தட்டுப்பாடு என்றால் இரவிலும் அழைப்பவர்கள்தான் அதில் அதிகம்.

விளக்கமளித்த வைத்தியர்களுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், தேத்தண்ணி வடை தந்த அன்பர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சிறுநீரகப் பாதிப்பு பற்றிய ஆய்வுகளை வாசிக்க எண்ணம். இளையவர் யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்றால் சந்தோசம். இல்லாவிட்டால் நானே இழுக்கிறேன், ஆனால் வாசிப்புக்கு ஆள் வேண்டும். சந்தாப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது, பேனையும் வைத்திருக்கிறேன்.

செயலாளர்