அந்த 15 பட்டங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஸ்னூக்கர் கட்டுரையில், அந்த ஆட்டத்தின் ஆரம்பக் கதையில் வரும் ஊட்டி கிளப்புக்கு இரண்டு பத்தி கொடுத்த கட்டுரையாளர், இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜோ டேவிஸை '15 முறை உலக சாம்பியன்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த 15 வந்த கதையில்தான் சங்கதியே இருக்கிறது.

டேவிஸ் அடிப்படையில் பில்லியர்ட்ஸ்காரர் (அதே மாதிரி மேசையில் மூன்றே பந்துகளை வைத்து ஆடுவது பில்லியர்ட்ஸ்). அதிலும் நான்கு முறை உலகப் பட்டம் வாங்கியவர். அந்நாளில் ஸ்னூக்கரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1927இல் முதல் உலகப் போட்டி நடக்க முன்னின்றவரே அவர்தான். பர்மிங்காமில் டாம் டென்னிஸை 20-11 என்று வென்றதற்குக் கிடைத்தது ஆறரைப் பவுண்டு. ஆட்டக்காரர்கள் கட்டிய நுழைவுக் கட்டணத்தில் பாதி கோப்பை வாங்கவே போய்விட்டது. (இன்றைய சாம்பியன்கள் தூக்கிப் பிடிப்பது அதே கோப்பைதான்.) 1931இல் போட்டிக்கு வந்தவர்களே இரண்டு பேர்: டேவிஸும் டென்னிஸும். ஆட்டம் நாட்டிங்காமில், டென்னிஸின் சொந்த பில்லியர்ட்ஸ் ஹாலில்! அதுவும் அந்த 15இல் சேர்த்திதான்.

அன்று மதிப்போடு இருந்த பில்லியர்ட்ஸ் பிறகு ஏன் படுத்தது? என் அப்பா ஒரு கிளப்பில் மார்க்கர்; மேசையைப் பராமரித்து, ஆட்டத்துக்குப் புள்ளி குறிப்பவர். ஆளில்லாத மத்தியானங்களில் மேசைத் துணிக்கு இஸ்திரி போட்டு முடித்ததும், மூன்று பந்தையும் குஷன் (மேசையின் ரப்பர் விளிம்பு) ஓரமாக உள்ளங்கை அகலத்துக்குள் வைத்து, தட்டித் தட்டி கேனன் (தன் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டுப் புள்ளி எடுப்பது) எடுத்துக் காட்டுவார். முப்பதைத் தாண்டுவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். இந்த வித்தையில் மன்னன் ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம். 1932 ஜனவரியில் லண்டனில் ஒரே பிரேக்கில், அதாவது ஆட்டம் கைமாறாமல் தொடர்ந்து ஆடி, 4137 புள்ளி எடுத்தார். ஏறக்குறைய 3 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த எதிராளி யார் தெரியுமா? டேவிஸ்தான். இப்படி ஒருவரே ஆடிக்கொண்டிருப்பதைத் தடுக்கப் பிறகு விதியைத் திருத்தியும் பழைய கூட்டம் திரும்பவில்லை. ஸ்னூக்கரிலோ ஒரு பிரேக்கில் சாதாரணமாக 147 புள்ளிக்கு மேல் போக வழியில்லை; குழியில் விழுந்து விழுந்து பந்துகள் தீர்ந்துவிடும், அடுத்தவருக்கும் ஆட்டம் வரும்.

1946 வரை உலகப் பட்டத்தை அவரிடமிருந்து யாராலும் பறிக்க முடியவில்லை. பிறகு அவராகவே விலகினார். ஆனால் மற்ற ஸ்னூக்கர் போட்டிகளில் ஆடுவதை விடவில்லை. அதனால் அவர் இல்லாத உலகப் பட்டத்துக்கு மவுசு குறைந்தது. இதில் மட்டும் அவர்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

1955 ஜனவரி 22 அன்று, 53 வயதில், வில்லி ஸ்மித்துக்கு எதிராக 147 எடுத்தார். தன் விதிப்படி அல்லாமல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் விதிப்படி ஆடிய ஆட்டம் என்று காரணம் சொல்லி, விளையாட்டை நிர்வகித்த பில்லியர்ட்ஸ் சங்கம் அதை அங்கீகரிக்க 1957 ஆகிவிட்டது.

– ஒரு மார்க்கரின் மகன், குன்னூர்