நூல் இறுகும் வரை பொறு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கு எல்லோரும் நலம். கச்சான் காற்று பகல் முழுவதும் அனலாக வீசுகிறது. விடியற்காலையில் மட்டும் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது. நான் இப்போது கடலுக்குப் போவதில்லை என்றாலும், திருக்கடலூர்க் கரையில் வள்ளங்கள் வந்து சேரும் நேரத்துக்குப் போய் நின்று நாலு பேரோடு கதைத்துவிட்டு வருகிறேன்.

நீ ஏரியில் தூண்டில் போடுவதை எடுத்து அனுப்பிய வீடியோவைப் பதினொரு தடவை பார்த்தேன். எண்ணியது அம்மா. மீன் வருகிறது, துள்ளுகிறது, தலையை உதறுகிறது, போய்விடுகிறது. அதன்பின் நீ சொல்லும் வார்த்தை அவள் காதில் விழாமல் இருக்க ஒவ்வொரு தடவையும் சத்தத்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

"இந்தக் கோடையில் ஐந்து மீன் இப்படிப் போய்விட்டது அப்பா, முள் கொளுவும்படி நான் கோலைப் பலமாகச் சுண்டவில்லையா?" என்று கேட்டிருந்தாய். நீ பலமாகத்தான் சுண்டுகிறாய். கோலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகும் அளவுக்குச் சுண்டுகிறாய். அந்த இரைக்கு அதுதான் பிழை.

போன வருடம் உன்னிடம் வந்திருந்தபோது நீ பிடிக்கிற அந்தப் பெருவாய் பாஸ் மீனை நான் கையில் வைத்து நன்றாகப் பார்த்தேன். மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகிறது. அது பெயருக்குத்தான் பாஸ், குடும்பம் சூரியமீன் குடும்பம் என்று மருமகன் சொன்னார். குடும்பம் எதுவாகவும் இருக்கட்டும், வாய் எங்களுடைய கொடுவா மீனின் வாய். பல்லால் கவ்வுகிற வாய் அல்ல, உறிஞ்சுகிற வாய். வாயையும் செவுளையும் ஒன்றாக விரித்ததும் தண்ணீர் உள்ளே பாய்கிறது, இரையும் அதோடு போகிறது. கண் இமைப்பதற்குள் முடிகிற வேலை. பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும்.

கொடுவாவிடம் நான் பாடம் படித்தது கிண்ணியாவில். 2009இல் பாலம் திறப்பதற்கு வெகுகாலம் முன்பு, சனங்களும் வாகனங்களும் 'பாதை' என்கிற மிதவையில் ஏறி அக்கரைக்குப் போன காலம். எனக்குப் பதினான்கு வயது. பெரியப்பா ஓர் இரவு என்னைக் கூட்டிப்போனார். ஈயம் கட்டாமல், முள்ளில் உயிர் இறாலைக் கொளுவி விட்டுவிட்டு, தங்கூசி நூலை ஆட்காட்டி விரலில் போட்டபடி இருட்டில் உட்கார்ந்திருந்தோம். 'டொப்' என்று ஒரு சத்தம். கேட்டதுதான் தாமதம், இரண்டு கையாலும் இழுத்தேன். இறாலும் முள்ளும் பறந்து வந்து பெரியப்பாவின் காதை உரசிக்கொண்டு போயின. அவர் காதைத் தடவிக்கொண்டே, "தம்பி, நீ மீன் பிடிக்க வந்தாயா, சத்தம் பிடிக்க வந்தாயா?" என்று கேட்டார்.

நீ இரையாகப் போடுகிற ரப்பர் தவளைக்கும் அதே கதைதான். இலைக்கு மேல் தண்ணீர் சிதறியதும் சுண்டினால் தவளை உன் முகத்துக்குத்தான் வரும். தவளை மறைந்துவிட்டதா என்று பார், நூல் ஓடுகிறதா என்று பார். கையில் பாரம் தெரிந்த பிறகு சுண்டு. அது ஒரு விநாடியாகவும் இருக்கும், இரண்டாகவும் இருக்கும். கண்ணுக்கும் காதுக்கும் இதில் அதிகாரம் கொடுக்காதே.

இனி வீடியோவுக்கு வருகிறேன். அதில் நீ போட்டிருப்பது வயிற்றிலும் வாலிலும் மும்முள், அதாவது மூன்று நுனி உள்ள முள், தொங்குகிற 'கிராங்க்பெய்ட்' என்ற பொய் இரை. கையில் இருப்பதோ வளையவே மறுக்கிற ஏழடி 'ஹெவி' கோல். ரீலில் 50 இறாத்தல் பாரம் தாங்குகிற பின்னல் நூல். ஒரு கோல் வாங்கினால் எல்லாவற்றுக்கும் போதும் என்று கடையில் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். விற்பவன் அப்படித்தான் சொல்வான். மும்முள் மெல்லிய கம்பி. அது தோலில் சின்னதாகக் கொளுவி நிற்கும், அவ்வளவுதான். பின்னல் நூல் துளியும் நீளாது, உன் கோலும் வளைந்து கொடுக்காது. நீ முழுப் பலத்தோடு சுண்டும்போது அந்தச் சின்னத் துளை கிழிந்து பெரிதாகிறது. பிறகு மீன் துள்ளும்போது நூல் ஒரு கணம் தளர்ந்தால் போதும், முள் தானாகக் கழன்றுவிடும். உன்னுடைய ஐந்து மீனும் அந்தத் துளையால்தான் போயிருக்க வேண்டும்.

மும்முள் போடும் நாளில் பாதி வரை வளைகிற மெல்லிய கோல் எடு. 10 அல்லது 12 இறாத்தல் சாதாரண நைலோன் நூல் போடு. நைலோன் ரப்பரைப் போல நீண்டு கொடுக்கும், இங்கே அந்தக் குணம்தான் உனக்கு உதவி. மீன் அடித்ததும் சுண்டாதே. சுற்றுவதை நிறுத்தாமல் கோலைப் பக்கவாட்டில் சாய்த்து இழு, அது போதும். துள்ள எழும்பினால் கோல் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்து. தாழ்த்தும்போதும் நூல் இறுக்கமாகவே இருக்க வேண்டும்.

அந்த முரட்டுக் கோலைத் தூக்கி எறிந்துவிடாதே. ரப்பர் புழுவுக்கு அதுதான் வேண்டும். புழுவுக்குள் முள்ளின் நுனியைப் புதைத்து விடுகிறாயே, பாசியில் சிக்காமல் இருப்பதற்கு, அந்த முள் தடிப்பானது. அது முதலில் ரப்பரைக் குத்தி வெளியே வர வேண்டும், பிறகு தாடைக்குள் இறங்க வேண்டும். மெல்லிய கோலால் அது நடக்காது. 'டொக்' என்று கையில் ஒரு தட்டுத் தெரியும், அல்லது நூல் காரணமில்லாமல் ஒரு பக்கம் நகரும். உடனே கோல் நுனியை மீன் பக்கம் தாழ்த்து, தளர்ந்த நூலைச் சுற்றி எடு, பிறகு ஒரே தடவையாகச் சுண்டு. தளர்ந்த நூலோடு சுண்டினால் உன் பலம் எல்லாம் நூலை நேராக்குவதிலேயே செலவாகிவிடும். தூரத்தில் கொத்தினால் நைலோன் இன்னும் மோசம், அதனால்தான் இந்த வேலைக்குப் பின்னல் நூல், அல்லது 15, 17 இறாத்தல் ஃப்ளூரோகார்பன் நூல். பொறுத்தது போதாதென்று இன்னும் பொறுத்தால் புழுவை விழுங்கிவிடும், முள் குடலுக்குப் போய்விடும். மீனைத் திரும்ப விடுகிற உனக்கு அது ஆகாது.

இன்னொன்று. 50 இறாத்தல் நூல் எதற்கு என்று உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இந்த மீனில் உலகச் சாதனையே 22 இறாத்தல் 4 அவுன்ஸ்தான். 1932இல் ஜோர்ஜியாவில் ஜோர்ஜ் பெரி என்பவர் பிடித்தது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது ஓர் அவுன்ஸ்கூடக் கூடவில்லை. இரண்டு அவுன்ஸாவது கூடினால்தான் முறியடித்ததாகக் கணக்காம், அதனால் இரண்டையும் சமம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, உன் ஏரியில் ஐந்து இறாத்தல் மீனுக்கு 50 இறாத்தல் நூலா? அது மீனின் பாரத்துக்கு அல்ல, பாசிக்கும் தாமரை இலைக்கும். மீன் அதற்குள் தலையை விட்டுவிட்டால் நீ இழுப்பது ஒரு வைக்கோல் கட்டை. திறந்த தண்ணீரில் அந்த நூலுக்கு வேலை இல்லை.

முள் எண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். எண் கூடக் கூட முள் சிறியது. 1ஐத் தாண்டினால் பக்கத்தில் சைபர் வந்துவிடும், அதன்பின் எண் கூடக் கூடப் பெரியது. இந்தக் கணக்கை எவன் கண்டுபிடித்தானோ தெரியாது, அவன் மீன் பிடித்திருக்கமாட்டான். உன் ஏழு அங்குலப் புழுவுக்கு 3/0 அல்லது 4/0 போதும். எந்த முள்ளையும் பெருவிரல் நகத்தில் மெதுவாக இழுத்துப் பார். வழுக்கினால் மழுங்கல், குத்திப் பிடித்தால் கூர். புது முள் எல்லாம் கூராக இருக்கும் என்று நம்பாதே. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனை, காய்ந்த நூல் இறுகும்போது சூடேறிப் பலம் இழக்கும்.

நுனி உள்பக்கமாக வளைந்த வட்டமுள் வாங்கினால் மட்டும் நான் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிடு. அதைச் சுண்டவே கூடாது. மீன் திரும்பிப் போகட்டும், நூல் இறுகட்டும், முள் தானாக வாயோரத்தில் கொளுவிக்கொள்ளும்.

மீனைக் கீழுதட்டில் பெருவிரல் வைத்துத் தூக்குகிறாயே, அந்த மீனுக்கு அது சரி. அதன் பல் அரத்தாள் மாதிரித்தான். பெரியதென்றால் மற்றக் கையை வயிற்றுக்குக் கொடு. ஊருக்கு வரும்போது அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வா. கூர்ப் பல்லுள்ள சீலா மீனின் வாயில் பெருவிரலை வைத்தால் ஒன்பது விரலோடுதான் திரும்புவாய். பிடித்த மீனை ஆற்றிலோ ஏரியிலோ திரும்ப விடுவது எனக்கு இன்னும் செமிக்கவில்லை. ஆனால் ஆண் மீன் கூட்டைக் காவல் காக்கிற காலம், ஜூன் பிற்பகுதி வரைக்கும் தூண்டில் போடக் கூடாது என்று மருமகன் சொன்னபோது, அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நீ கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். உன்னை நான் ஒருநாளும் வள்ளத்தில் ஏற்றவில்லை. தம்பியை ஏற்றினேன், அவனுக்கு அதில் விருப்பமே இருக்கவில்லை. கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், நேரக் கட்டுப்பாடு, கடற்படை என்று அப்போது உன்னிடம் காரணம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி, பெண்பிள்ளைக்கு எதற்கு என்று நினைத்ததுதான். கரையில் நின்று தங்கூசியைச் சுற்றிக் கொடுத்த பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டே சிக்கெடுப்பாய். அந்த விரல்கள் எனக்கு இப்போதும் ஞாபகம்.

அடுத்த வீடியோவில் மீனைக் காட்ட வேண்டாம். மருமகனிடம் கொடுத்து, நூல் போகும் இடத்தில் உன் கையை எடுக்கச் சொல். எந்த நேரத்தில் சுண்டுகிறாய் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

எதிர்வீட்டுப் பிள்ளை வரும் வெள்ளிக்கிழமை ரொறன்ரோவுக்குப் புறப்படுகிறது. முள் தீட்டும் என் சின்ன அரத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மா அதை அறக்குளாக் கருவாட்டுப் பொதிக்குள் வைத்துக் கட்டிவிட்டாள், நாற்றம் பிடித்திருந்தால் என்னைக் குறை சொல்லாதே.

அன்புடன்,
அப்பா
திருகோணமலை