எக்ஸோஸ்கெலிட்டன் செய்து விற்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களை எழுப்பி நிற்கவைப்பது அன்றாட வேலை. காலைத் தாங்க மாட்டும் காலிப்பர், வாக்கர், இரண்டு பேர் தோள்: இதுதான் எங்கள் கருவிப்பெட்டி.

எக்ஸோஸ்கெலிட்டன், அதாவது காலில் கட்டிக்கொண்டு நடக்க உதவும் உங்கள் இயந்திரம், எனக்குப் பிடிக்கும். உடம்பை முன்னால் சாய்த்ததும் மோட்டார் காலை எடுத்துவைக்கிற ரீவாக் என்ற எக்ஸோஸ்கெலிட்டனை உருவாக்கியவர் அமித் கோஃபர். 1997இல் விபத்தில் கைகால் செயலிழந்த இஸ்ரேலியப் பொறியாளர். ஊன்றுகோல் பிடிக்கக் கையில் வலு இல்லாததால் அவராலேயே அதில் நடக்க முடியவில்லை. அப்படிப்பட்டவர் தொடங்கிவைத்த நிறுவனம் என்பதால்தான் 2024இல் வந்த செய்தி உறுத்துகிறது.

அமெரிக்காவில் முன்னாள் ஜாக்கி ஒருவர், 2009இல் குதிரைப் பந்தயத்தில் விழுந்து நடை இழந்தவர். ஏறக்குறைய 1,00,000 டாலர் விலையுள்ள ரீவாக்கில் பல வருடம் நடந்தார். பிறகு கையில் கட்டும் கன்ட்ரோல் வாட்ச்சின் பேட்டரி ஒயரில் கோளாறு. அவ்வளவுதான். ஐந்து வருடம் தாண்டிய கருவியைப் பழுதுபார்க்க முடியாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. விஷயம் ஊடகங்களுக்குப் போன பிறகுதான் வழி பிறந்தது.

போன மாதம் என்னிடம் வரும் ஒருவரின் காலிப்பரில் முழங்கால் லாக் ஒடிந்தது. தெருமுனைப் பட்டறையில் பற்றவைத்தார்கள்; பிய்ந்த தோல்பட்டையைச் செருப்புத் தைக்கும் அண்ணாச்சி தைத்துக் கொடுத்தார். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை மனிதர் நின்றுவிட்டார். நிற்காமல் கிடந்தால் கணுக்கால் இறுகும், மலம் கட்டும், புட்டத்தில் புண் வரும். ஒயர் வரட்டும் என்று இவையெல்லாம் காத்திருக்காது.

மோட்டாரையும் சாஃப்ட்வேரையும் பட்டறையில் பிரிக்கச் சொல்லவில்லை. பல வருடம் நடக்காத எலும்பு மெலிந்திருக்கும், விழுந்தால் ஒடியும். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் பேட்டரி, ஒயர், பட்டை இவற்றின் அளவையும் விவரத்தையும் வெளியிடுவதில் என்ன தடை? எத்தனை வருடம் உதிரிபாகம் தருவீர்கள் என்பதை விற்கும்போதே எழுதிக் கொடுங்கள். நீங்கள் கைவிடும் மாடலை இன்னொருவர் பழுதுபார்க்க வழிவிடுங்கள்.

உங்கள் விற்பனைப் பிரதிநிதி அடுத்த முறை இங்கே வரும்போது, விலையைக் கேட்கும் முன் ஒன்று கேட்பேன்: ஆறாவது வருடம் ஒயர் அறுந்தால் யாருக்குப் போன் போடுவது? நம்பரோடு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
திருநெல்வேலி